வேறு மாஸ்டர் வேண்டுமாம், என்னிடமே கேட்டார்கள்

இன்று காலை எங்கள் ஊர் அடி அண்ணாமலையில், மளிகைக் கடையில் எண்ணெய் வாங்க நின்றிருந்தேன். எங்கள் சிலம்ப வகுப்புக்கு வரும் சுவேதாவின் அம்மாவும் அங்கே வந்தார்.

"அக்கா, பொண்ணுக்கு மாவட்டப் போட்டி வருது. வேற நல்ல மாஸ்டர் யாராச்சும் தெரியுமா?"

"ஏம்மா, நான் இருக்கேனே?"

"நீங்க இருக்கீங்கக்கா. மாஸ்டரே போயிட்டாரே, இனிமே யாரு சொல்லிக் குடுப்பாங்க?"

என் வீட்டுக்காரர் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஆனாலும் எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் ஜாஸ்தியாக வந்தது.

எனக்குக் கம்பு பிடிக்கச் சொல்லித் தந்தவர் என் அப்பா. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன், கம்பை விடவில்லை. மாநிலப் போட்டி வரை போய் ஜெயித்தேன். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம்தான் கற்றுக்கொண்டார். வகுப்பில் அவர் விசில் ஊதுவார், பெற்றோர்களிடம் பேசுவார். பிள்ளைகளுக்குக் கம்பு சுற்றச் சொல்லிக் கொடுத்தது நான்.

"என் பொண்டாட்டிதாங்க எனக்கே மாஸ்டர்" என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து, "உண்மைய சொன்னா சிரிக்கறாங்கடி" என்பார்.

அதைத்தான் இன்று கடையில் சொன்னேன். "அவரு சொன்னது விளையாட்டுக்கு இல்லம்மா."

"மாஸ்டருக்கு எப்பவும் தமாஷுதான்க்கா, பாவம்" என்று சுவேதாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாளைக் காலையில் வகுப்பு உண்டு. மாஸ்டர் இருக்கிறேன். விசில் ஊதத்தான் ஆள் இல்லை. யாராவது வருகிறீர்களா?