பதினோரு அறைகளும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும்

மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்ட அந்த நீல நிற விமானத் தபால் இன்னும் என் மேசையில் இருக்கிறது. பிரெஞ்சில் நான் புலி என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில் அதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். புலி என்றால், அலுவலகப் படிவங்களை நிரப்பத் தெரிந்த புலி.

மாமா என் அம்மாவின் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் இருபது வருடம் கழித்துவிட்டுப் புதுச்சேரி திரும்பியவர். அத்தை காலமாகிவிட்டார், மகன்கள் மூவரும் பிரான்சில். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் தனியாக இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போன புதிது. ஊரில் பெரிய வீடுகள் விலைக்கு வந்துகொண்டிருந்தன. வைசியாள் வீதியில் பதினோரு அறை கொண்ட வீடொன்று மாமாவின் புரை விழுந்த கண்ணில் பட்டது.

ஒரு மாதம் நடையாக நடந்தோம். கைத்தடியால் உத்தரங்களைத் தட்டிக் கேட்டார். பர்மா தேக்கு, வற்றாத கிணறு, மூன்று குடும்பம் தாராளமாகத் தங்கலாம் என்பதெல்லாம் ஒரு பக்கம். வயிறு தள்ளி நின்ற வடக்குச் சுவர், கரையான், ஆயுள் சேமிப்பு மொத்தமும் காலி என்பவை மறுபக்கம்.

"மாமா, இவ்ளோ பெரிய வூட்ல தனியா தும்முனா, 'நூறு வயசு'ன்னு நீங்களேதான் சொல்லிக்கணும்" என்றேன்.

"அதுக்குத்தான்டா பசங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கேன். வர்றோம்னா வாங்குறேன். இல்லன்னா வுட்டுடுறேன்."

மூத்தவனின் பதில் பிரெஞ்சில் வந்தது. புரை விழுந்த கண்ணால் மாமாவுக்கு எழுத்துத் தெரியாது; நான் உரக்கப் படித்தேன். குளிர், வேலை, நலம் விசாரிப்பு எல்லாம் தாண்டிக் கடைசி வரி: அந்த வீட்டில் குடியிருக்க யார் வருவார்கள் என்று கேட்டீர்களே, 'பெர்சோன்'. படிவங்களில் அந்தச் சொல்லுக்கு எதிரே ஆட்களின் எண்ணிக்கையை எழுதி எழுதித் தேய்ந்தவன் நான். எனக்கா தெரியாது?

"ஆளுங்க வருவாங்களாம் மாமா."

"இன்னொரு தபா படி."

படித்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "சரி, வாங்கிடலாம்" என்றார்.

வாங்கினார். மூன்று அறைகளில் கட்டில் போட்டுக் கொசுவலையும் கட்டினார். ஐந்து வருடம் அந்த வலைகளுக்குள் ஒரு கொசுகூடப் போக விரும்பவில்லை.

அதற்குள் அலுவலகக் கோப்பொன்றில் அதே சொல்லை அதே மாதிரி மொழிபெயர்த்து மாட்டிக்கொண்டேன். மேலதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேள்விக்குப் பதிலாகத் தனியே வந்தால் அதற்கு 'ஒருவரும் இல்லை' என்று பொருளாம். சைக்கிளை மிதித்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். என் தப்பைச் சொன்னேன்.

மாமா சிரித்தார். "போடா இவனே! ராத்திரிக் காவல்ல 'எவன்டா அங்க?'ன்னு கேட்டா, இருபது வருசம் எனக்கு வந்த பதிலே அந்த 'பெர்சோன்'தான்டா."

"தெரிஞ்சுமா வாங்குனீங்க?"

"பையன் எழுதுனது தெரிஞ்சுது. நீ படிச்சது நல்லா இருந்துச்சு."

இப்போது மாமா இல்லை. மகன்கள் விற்கவும் இல்லை, வரவும் இல்லை. 'பார்த்துக்கொள்' என்று எழுதினார்கள். பிரம்மச்சாரி நான் அந்த வீட்டில் தனியாகக் குடியிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடிதத்தை எடுத்தால் இன்றும் கண் முதலில் தப்பாகத்தான் படிக்கிறது. தபால்காரர் வாசலில் நின்று, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூவும்போது பிரெஞ்சில் பதில் சொல்ல நாக்கு எழும். அந்த ஒரு சொல் போதும். இரண்டில் எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.