அவர் கை நனைக்காத வீடு

கதர்ச் சட்டை, ஒட்டிய கன்னம், அசராத புன்னகை. விடுதலைப் போரில் திருச்சி சிறைக்குப் போய், உண்ணாவிரதமிருந்தே அதிகாரிகளைப் பணியவைத்தவர் என்பார்கள். பிறகு கொள்ளிடக்கரைக் கிராமமொன்றில் பள்ளிக்கூடம் தொடங்கினார். காலேஜ் முடித்த கையோடு நானும் அங்கே வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன்.

பெண்ணைப் படிக்க அனுப்பாத வீடுகளுக்கு அவர் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் போவார். ஒருநாள் என்னையும் அழைத்தார். வழியில் ஸ்ரீரங்கத்து ஓட்டலில் வயிறு முட்டச் சாப்பிட்டார். "நீயும் சாப்பிடுப்பா" என்றார். விருந்தை நினைத்து நான் மறுத்துவிட்டேன்.

அந்த வீட்டில் இலை போட்டார்கள்.

"பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்புறேன்னு சொல்லுங்க, கை நனைக்கிறேன்" என்றார்.

விருந்தாளி சாப்பிடாமல் வீட்டார் சாப்பிடுவது அங்கே வழக்கமில்லை. குழம்பு ஆறியது. என் குடல் கதறியது.

"வெள்ளைக்காரன்கிட்ட பண்ண வேலைய எங்கிட்டயுமா காட்டுறீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"அவன் குழம்பு இப்படி மணக்கலீங்களே!"

உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் மனைவி சிரித்தார். "அனுப்புறோம்னு சொல்லிடுங்க. எனக்குப் பசிக்குது."

ஜெயித்தவர் ஒரு பிடி சோறு கொறித்துவிட்டு எழுந்தார்.

திரும்பும் வழியில் கேட்டேன்: "வயித்த நிரப்பிக்கிட்டா உண்ணாவிரதம்?"

"விரதம்னு நான் எப்பப்பா சொன்னேன்?"

மறுநாள் அவர் காலைப் பலகாரம் முடித்துக் கைகழுவும்போது அந்தச் சிறுமி வந்தாள். ஒரு கையில் சிலேட்டு, மறுகையில் தூக்குச்சட்டி.

"நேத்து நீங்க சரியாவே சாப்பிடலையாம். இத நீங்க முழுசும் சாப்பிட்டாத்தான் நான் கிளாசுக்குள்ள போகணும்னு அம்மா சொல்லிச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்து சட்டியைத் திறந்தார்.

அவரை நினைத்தால், மரியாதை வருவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.