அறுநூற்று நாற்பது கிலோமீட்டர், நான்கு மணி நேரம்

பயணச்சீட்டு அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்டால் கணினியைத் தொடாமலே சொல்லிவிடுவார். ஆனால் தாம் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. ஆளாளுக்குக் கைபேசியிலேயே சீட்டு எடுக்க ஆரம்பித்ததும் அலுவலகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். பிறகு ஒரு பெரிய மருத்துவமனையில் போக்குவரத்து மேசைக்கு வந்து சேர்ந்தார். வெளியூரிலிருந்து தானமாக வரும் உறுப்புகளுக்கு வண்டியும் விமானமும் ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பு. அங்கே எல்லோருக்கும் அவர் 'டைம்டேபிள் அக்கா'.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அறுவை மருத்துவர் வீட்டுக்குப் போன் பண்ணினார்.

"அக்கா, நம்ம பேஷண்டுக்கு இதயம் கிடைச்சிருக்கு! வெளியூர். விமானத்துல எவ்வளவு நேரம்?"

"அறுநூத்தி நாப்பது கிலோமீட்டர். ஒரு மணி பத்து நிமிஷம், டாக்டர். ஆனா அது வானத்துல மட்டும். அங்க ஏர்போர்ட் போக முப்பத்தஞ்சு நிமிஷம், இங்க வந்து சேர நாப்பது. திரும்பி வர்றப்ப எதிர்க்காத்து வேற."

எடுத்த இதயம் நான்கு மணி நேரத்துக்குள் இன்னொரு உடம்பில் துடிக்க வேண்டும். தைத்து முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும்.

"நீங்களே கூட வந்துடுங்க. நாங்க ஆபரேஷனப் பார்ப்போமா, வண்டியப் பார்ப்போமா?"

"நானா? விமானத்துலயா?"

பள்ளி வேன் ஓட்டும் கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எத்தனை பேரை ஏத்தி அனுப்பியிருக்க! போய்ட்டு வா."

மருத்துவர்களோடு விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்த ஊரில், பத்து இருபதுக்கு இதயம் பெட்டிக்குள் வந்தது. இறந்தவரின் அண்ணன் பெட்டியின் மேல் கை வைத்து, "பத்திரமா கொண்டு போங்கம்மா" என்றார். அக்கா பெட்டியோடு வண்டியில் ஏறினார்.

வழியெல்லாம் பச்சை விளக்கு. சின்ன விமானம் பதினொன்றே காலுக்கு மேலே ஏறியது. எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டி ஊரை நெருங்கும்போது விமானி திரும்பிப் பார்த்தார்.

"ஓடுபாதையில கூட்டம்மா. கால் மணி நேரம் சுத்தணும்."

அக்கா இருக்கையிலிருந்து முன்னால் சாய்ந்தார். "சுத்தறதா? பெட்டி இருக்குன்னு காலையிலயே சொல்லிட்டேனே! இன்னொரு தடவை சொல்லுங்க சார், உள்ள இதயம் இருக்குன்னு!"

விமானி கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "நமக்குத்தான் முதல்ல! மத்தவங்க காத்திருக்காங்க."

மூன்று பெரிய விமானங்கள் வானத்தில் வட்டமடிக்க, இந்தக் குட்டி விமானம் ஜம்மென்று இறங்கியது. ஆம்புலன்ஸ் பறந்தது. ஒன்று இருபத்திரண்டுக்கு அறுவை அறையின் கதவு பெட்டியை உள்வாங்கிக்கொண்டது.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். பக்கத்தில் நோயாளியின் கணவர், கதவையே பார்த்தபடி.

இரண்டு பதினொன்றுக்கு நர்ஸ் ஓடிவந்தாள்.

"துடிக்குதுங்க! தானாவே துடிக்குது!"

அந்த மனிதர் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தேம்பினார். அக்காவும் அழுதார், சிரித்தார், வீட்டுக்குப் போன் போட்டார். "என்னங்க, துடிக்குதாம்! நாலு மணி நேரத்துல ஒம்பது நிமிஷம் மிச்சங்க!" என்றார்.