ஒரு நாள் பாஸ் இரண்டு கொடுங்கள்

நான் வாழும் ஹாம்பர்க் நகரத்தில் ரயில் நிலையங்களுக்குத் தடுப்புக் கதவு கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வண்டியில் ஏறலாம், உட்காரலாம். ஒரு வாரம், இரண்டு வாரம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பிறகு ஒருநாள் எதிர் இருக்கையில் சாதாரண ஜாக்கெட்டோடு உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்த மனிதர் சட்டென்று எழுந்து, “ஃபார்கார்ட்டன், பிட்டே” என்பார். டிக்கெட்டைக் காட்டுங்கள், தயவுசெய்து. பதினேழு வருடமாகிவிட்டது. மாத அட்டை இல்லாமல் ஒருநாளும் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. ஆனாலும் அந்தக் குரல் கேட்டால் இன்னும் எனக்கு பயம்தான், அட்டை எந்தப் பையில் என்று தடவுவேன். கூட இருக்கும் ஜெர்மன்காரர்கள் படிக்கும் புத்தகத்திலிருந்து தலையைக்கூட எடுக்காமல் அட்டையை நீட்டுவதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

இந்த பயமோ என்னவோ, டிக்கெட், அட்டை, பாஸ் விஷயங்களில் நான் பெரிய நிபுணர் ஆகிவிட்டேன். இங்குள்ள தமிழர் வட்டாரத்தில் யார் எந்த ஊர் சுற்றிப்பார்க்கக் கிளம்பினாலும் முதலில் எனக்குத்தான் போன் வரும். “அக்கா, ரோமுக்கு ரெண்டு நாள் பாஸா மூணு நாள் பாஸா?” “அக்கா, கோபுரத்துக்கு லிஃப்ட் சேர்த்தா, சேர்க்காமலா?” எத்தனை இடம் பார்ப்பீர்கள், குழந்தைக்கு என்ன வயது, திங்கட்கிழமை எந்த மியூசியத்துக்கு விடுமுறை என்று எல்லாம் கேட்டு, ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். மிச்சமாகும் பணத்தில் ஒரு வேளை சாப்பாடு வரும், அவ்வளவுதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் கணவர் கிண்டலடிப்பார். கிண்டலில் நியாயம் இருக்கிறது. பாஸ் வாங்கியவர்கள் யாரும் ஓய்வாக ஊர் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அம்மாவையும் அப்படித்தான் படுத்தினேன். அப்பா போன மறு வருடம் அவளை இங்கே வரவழைத்தேன். தாம்பரத்தில் முப்பது வருடம் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், நான் அவளுக்கு ஒரே பெண். பெர்லினுக்கு மூன்று நாள் பாஸ் எடுத்தேன். பாஸில் இருப்பதையெல்லாம் பார்த்தால்தானே போட்ட காசு வசூலாகும்? மூன்று நாளில் பதினோரு இடம். இரண்டாம் நாள் மாலை அம்மாவின் கால் வீங்கி, செருப்புக்குள் போகவில்லை. நடுவில் ஒரு சாதாரண டவுன் பஸ்ஸில் மாடிக்கு ஏறி முன் கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தோம். அந்த அரை மணி நேரம் அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. “இதே பஸ்ல திரும்பி ஒருதடவ போலாமா ஜெனி?” என்று கேட்டாள். ஆறு மணிக்கு மியூசியம் மூடிவிடும், அது பாஸில் இருக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டேன். ஊருக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் சொன்னாள், “எல்லாம் நல்லாருந்துச்சு. எதையும்தான் பார்க்கல.” நான் சிரித்தேன். அது குத்தல் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

போன வருடத்துக்கு முந்தின வருடம் குரோம்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது நான்கு நாள் கழித்து, மாவுக்கட்டு போட்ட பிறகு. அன்று போனில் நான் கத்திய கத்தலுக்கு இப்போதும் வெட்கப்படுகிறேன். இனிமேல் பஸ் பக்கமே போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவள் போனில் வாடகைக் கார் செயலியை ஏற்றி, காசு என் கணக்கிலிருந்து போகும்படி செய்தேன். அவள் எங்கே போனாலும் என் போனில் தெரியும். ஆனால் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஒரு கார், அதற்குமேல் மாதக்கணக்கில் எதுவுமே இல்லை. கேட்டால், “நான் எங்க போகப்போறேன், வீட்லதான்” என்பாள். அஸ்தினாபுரம் வீட்டில், பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அவள் தனியாகக் கிடப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு என்னை வேலை செய்ய விடவில்லை. செங்கல்பட்டு போகும் வழியில் பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி முதியோர் குடியிருப்பு ஒன்றைத் தேடிப்பிடித்தேன். குளியலறையில் ஆபத்துக்கு அழுத்த பொத்தான், டாக்டர், சாப்பாடு எல்லாம் உண்டு. இங்கிருந்தே முன்பணம் கட்டிவிட்டேன். அம்மாவிடம் படங்களைக் காட்டியபோது, “பார்க்கலாம்” என்றாள். அந்தப் ‘பார்க்கலாம்’ஐ ‘சரி’ என்று மாற்றத்தான் இந்த ஜனவரியில் பத்து நாள் விடுப்பில் தனியாக ஊருக்குப் போனேன்.

ஏழு நாள் போய்விட்டது, அம்மா பிடி கொடுக்கவில்லை. ஞாயிறு அதிகாலை எனக்கு விமானம். ஒருநாள் வெளியே அழைத்துப்போய் மனம் இளகியிருக்கும்போது பேசலாம் என்று வியாழக்கிழமையைக் குறித்தேன். பழக்கதோஷம், முதல் நாளே போனும் கையுமாக உட்கார்ந்தேன். காலையிலிருந்து மாலைவரை ஒன்பது இடம் காட்டும் வேன், மெட்ரோவில் சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு அட்டை, டவுன் பஸ்ஸில் ஒரு நாள் பாஸ். மூன்றையும் எழுதி ஒப்பிட்டு, நான் கூடவே இருப்பதால் பரவாயில்லை என்று பஸ் பாஸுக்குத் தீர்ப்புச் சொன்னேன். பிறந்து வளர்ந்த ஊரைச் சுற்ற பாஸ் தேடுகிறேனே என்று ஒரு கணம் தோன்றியது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, “சரி, உன் இஷ்டம்” என்றாள். அவள் வாயில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்ததை நான் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை.

குரோம்பேட்டையில் ஏறலாம் என்றேன். தாம்பரம் போய்த்தான் ஏறவேண்டும், அங்கேதான் பஸ் கிளம்புகிறது, உட்கார இடம் கிடைக்கும் என்றாள் அம்மா. எதிர்த்திசையில் ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போனோம். ஒரு பஸ் வந்தது. “இது வேணாம், அடுத்தது வரட்டும்” என்றாள். அடுத்தது ஏசி பஸ், பாதி காலியாக இருந்தது. அதுவும் வேண்டாம். மூன்றாவதும் போயிற்று. விழுந்த பயம் இன்னும் போகவில்லை பாவம் என்று நினைத்து அவள் தோளைத் தடவிக்கொடுத்தேன். நான்காவதாக முகப்பில் பிங்க் பெயின்ட் அடித்த பஸ் ஒன்று ஆடி அசைந்து வந்தது. எழுபத்தொரு வயதுக்காரி என் கையை உதறிவிட்டு எனக்கு முன்னால் ஏறிப்போய், இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு பேருக்கு ஒரு நாள் பாஸ் கொடுங்கள், எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்குவது மாதிரி என்று சொல்லி ரூபாய் நோட்டை நீட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பாஸா? எதுக்கும்மா? ரெண்டு பேரும் லேடீஸ்தானே? ஃப்ரீ.”

முகப்பில் பிங்க் அடித்த சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று செய்தியில் படித்திருக்கிறேன். படித்தது வேறு, அது எனக்கும் பொருந்தும் என்று நினைப்பது வேறு. “இல்லீங்க, நான் இந்த ஊர்ல இல்ல. என்கிட்ட இருக்கிறது வேற நாட்டு பாஸ்போர்ட்...” என்று இழுத்தேன்.

“பஸ்ல ஏற பாஸ்போர்ட்டா?” என்றார் அவர். முன் இருக்கையில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். “பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க, புடிங்கம்மா.” தொகை இருக்கவேண்டிய இடத்தில் சைபர் போட்ட இரண்டு சீட்டுகளை என் கையில் திணித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். “இன்னா டீச்சர், பொண்ணுகிட்ட சொல்லலையா? ஒரு வாரமா ஆளையே காணோம், உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்.”

அம்மா ஜன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பஸ்ஸை ஏன் விட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் காசு கட்டும் வாடகைக் காரில் அவள் ஏறாமல் இருந்தது வீட்டில் அடைந்து கிடந்ததால் அல்ல. தினமும் இந்த பிங்க் பஸ்ஸில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் வந்தது. சத்தியம் செய்துவிட்டு ஏமாற்றியிருக்கிறாளே என்ற கோபம். கூடவே, அவள் கிடந்ததாக நான் கற்பனை செய்த அந்த இருட்டு வீடு பொய் என்று தெரிந்ததில் வந்த நிம்மதி. இரண்டையும் சேர்த்து என்ன செய்வதென்று தெரியாமல் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

பல்லாவரத்தில் கூட்டத்தோடு ஒரு பெண் ஏறினாள். நேராக எங்கள் வரிசைக்கு வந்து நின்றாள். “இன்னா டீச்சரம்மா, ஒரு வாரமா வர்ல, போன் அட்ச்சாலும் எடுக்கல. நாளைக்கு வூட்டாண்டயே வந்து பாக்கலாம்னு இருந்தேன்.” பிறகு என்னைப் பார்த்து, “பொண்ணா இது? ஃபாரின்ல கீதே, அதுவா?” என்றாள். அவள் பெயர் சரசு, பம்மலில் இருக்கிறாள், அடையாற்றில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறாள் என்று அம்மா சொன்னாள். தினமும் தாம்பரத்திலிருந்து பக்கத்து இருக்கையில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்து வருவது அம்மாவின் வேலை. நான் உட்கார்ந்திருந்தது சரசக்காவின் இடம். எழுந்தேன். “அய்ய, குந்து குந்து” என்றவள் நான் முழுதாக எழுந்ததும் உட்கார்ந்துவிட்டாள். அடையாறு வரை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் சரசக்காவின் மருமகனைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பாதி புரியவில்லை, முன்கதை தெரியாது.

கடற்கரை வந்தது. இறங்கவில்லையா என்று கேட்டேன். “எறங்கி என்ன பண்ண? வெயிலு” என்றாள் அம்மா. பஸ் கடைசிவரை போனது, அதே பஸ்ஸில் திரும்பினோம். கூட்டமில்லை. அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

“ஏம்மா என்கிட்ட மறைச்ச?”

“சொன்னா விடுவியா? உன் கார்ல ஏறினா டிரைவர் போன்ல பேசிக்கிட்டே வர்றான். எனக்கு யார்கூட பேசுறது?” பிறகு அவளே கேட்டாள். “அந்த எடத்துக்கு பஸ் போகுதா?”

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. “வேன் இருக்கும்மா. செவ்வாய், சனி. கோயில், சர்ச், ஆஸ்பத்திரி எல்லாம் கூட்டிட்டுப் போவாங்க.”

“என்னைக்கு எங்க போகணும்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. உன் பெர்லின் பாஸ் மாதிரி.”

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. “விழுந்துட்டா என்னம்மா பண்ணுவ? எனக்கு அந்த பயம்தான், வேற ஒண்ணுமில்ல.”

“விழுந்தா சரசு தேடுவா.”

“ஒரு வாரம் கழிச்சா?”

கிண்டி, மீனம்பாக்கம் என்று பஸ் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேருமே களைத்துப்போயிருந்தோம். குரோம்பேட்டை நெருங்கும்போது சொன்னாள், “ஒண்ணு பண்றேன். தெனம் ஏறினதும் டிக்கெட்ட போட்டோ புடிச்சு உனக்கு அனுப்புறேன். ஞாயித்துக்கிழம சர்ச் வாசல்ல இருந்து அனுப்புறேன். வரலைன்னா தேடு.” இறங்கும்போது என் கையை நன்றாகவே பிடித்துக்கொண்டாள். மறுநாள் குடியிருப்புக்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரியான முடிவா என்று இன்றைக்கும் தெரியாது. முன்பணத்தில் பாதிதான் திரும்ப வந்தது.

இப்போது குளிர்காலம். அம்மா பதினோரு மணிக்கு ஏறும்போது எனக்கு இங்கே காலை ஆறரை, வெளியே இருட்டாக இருக்கும், ரயிலில் இருப்பேன். போன செவ்வாய்க்கிழமை ஆறரை ஆகியும் போட்டோ வரவில்லை. ஆறே முக்கால். ஏழு. அம்மா அனுப்பிய பழைய செய்திகளில் சரசக்காவின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே “ஃபார்கார்ட்டன், பிட்டே” என்று குரல் கேட்டது. பதற்றத்தில் கையிலிருந்த போனையே நீட்டிவிட்டேன். திரையில் முந்தின நாள் அம்மா அனுப்பிய சைபர் டிக்கெட். அந்த மனிதர் குனிந்து தமிழ் எழுத்துகளை மரியாதையாகப் பார்த்தார்.

“இது எந்தக் கட்டண மண்டலத்துக்கு?”

“தாம்பரம்” என்றேன்.

அப்படி ஒரு மண்டலம் இல்லையே என்றார். மன்னிப்புக் கேட்டு என் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் நகர்ந்ததும் போன் அதிர்ந்தது. “பிங்க் பஸ் லேட். இப்பத்தான் வந்துச்சு” என்று எழுதி, கீழே படம். அதற்குள் நான் இறங்கவேண்டிய நிலையம் தாண்டிப் போயிருந்தது. எழுந்திருக்கக்கூடத் தோன்றாமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் விரலிடுக்கில் டிக்கெட், அதற்குப் பின்னால் பக்கத்து இருக்கையில் அவளுடைய பை. சரசக்கா பல்லாவரத்தில்தான் ஏறுவாள். அதுவரைக்கும் அந்த இடம் காலிதான்.