வலைக்கண்ணில் நழுவிய வாண்டுகள்

வலையை வெளிப்பக்கமிருந்துதான் கழுவுகிறார் அக்கா. குழாயை மேலிருந்து கீழாக இறக்கி, உள்ளங்கையால் தட்டித் தட்டி, ஒட்டியிருக்கும் கடுகளவு உயிர்களை அடியிலுள்ள குப்பிக்கு அனுப்புகிறார். "இறங்குங்க, இறங்குங்க. கடைசி நிறுத்தம்."

கடல் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. வாரத்தில் ஒரு நாள் படகு ஒரே இடத்துக்குப் போகும். மீன்குஞ்சுகளுக்குத் தீனியான இந்த மிதக்கும் உயிர்கள் அங்கே எத்தனை சிக்கின என்று உருப்பெருக்கியில் பார்த்து எண்ணுவதும் அவர்தான். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். இடது கையை மட்டும் உயர்த்துவார். புத்தகப் பெயர்களெல்லாம் தெரியும், சொல்ல மாட்டார். குளிர் நீரோட்டத்தோடு வரும் கொழுத்த, நீண்ட கொம்புக்காரி அவருக்குப் 'பெரியம்மா'. வெதுவெதுப்பில் பெருகும் பொடியன்கள் 'வாண்டுகள்'.

கடல் சூடேறிய மூன்று வருடங்களில் பெரியம்மாக்கள் அருகிப்போனார்கள். மொத்த எண்ணிக்கையும் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. இனி அங்கே எண்ண ஒன்றுமில்லை, அடுத்த மாதத்திலிருந்து படகை வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்றார் இயக்குநர் அம்மா. அக்காவுக்கு அது சரியாகப் படவில்லை. கடல் காலி என்றால், படகுக்குப் பின்னால் துள்ளும் மீன்குஞ்சுகள் எதைத் தின்கின்றன?

அடுத்த பயணத்தில் கடல்நீரை வாளியில் மொண்டு வலையில் ஊற்றி, வலை வழியே ஒழுகிய தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்தார்.

"வலையில சிக்காததைப் பிடிக்கிற ஆளை இப்பத்தான்க்கா பாக்கறேன்" என்று படகோட்டி சிரித்தார்.

கரைக்கு வந்ததும் அக்கா அந்தத் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி, தங்கியதை உருப்பெருக்கியில் வைத்தார். இடம் கொள்ளாமல் வாண்டுகள். கடல் சூட்டில் உருவம் இன்னும் சிறுத்துவிட்டதால் வலைக்கண் வழியே இத்தனை நாளாக நழுவிக்கொண்டிருந்திருக்கின்றன.

இயக்குநரும் உருப்பெருக்கியில் குனிந்து பார்த்தார். படகு அதே இடத்துக்கே போகும் என்றானது. சின்னக் கண் வலையும் வந்தது. பழையதை மடித்து வைத்துவிடுங்கள் என்று அவர் சொன்னபோது, எதற்கும் தலையாட்டிவிட்டு நகர்கிற அக்கா நகரவில்லை.

"அதுவும் போகணும் மேடம். புது வலை மட்டும் போட்டா, இன்னைக்கு நிறைய இருக்குன்னு தெரியும். முன்னைவிட நிறையவா, கம்மியான்னு யார் சொல்றது? நாளைக்கே குளிர் நீரோட்டம் திரும்பி, பெரியம்மா வந்தா? பழைய வலைதானே அவளை முன்னாடி பார்த்தது. அதை நிறுத்திட்டா, இருபத்திரண்டு வருஷக் கணக்கும் ஒப்பிட்டுப் பேச ஆளில்லாம நிக்கும்."

"ஒரே நாள்ல ரெண்டு வலையா? உங்களுக்குத்தான்க்கா ரெட்டை வேலை" என்றார் இயக்குநர். பிறகு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "எழுதக்கூட வாரத்துக்கு ஒரு கட்டந்தானே இருக்கு" என்று இழுத்தார்.

அக்கா அளவுகோலை எடுத்தார். அன்றைய கட்டத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, அதை இரண்டாக்கினார். அடுத்த வாரத்துக் கட்டத்திலும் போட்டார். பிறகு பக்கத்தைத் திருப்பி, வருடக் கடைசி வரை போட்டுக்கொண்டே போனார்.