புயல் நாளில் ஆவூர் மணி

என் தங்கை செசிலி ஆம்புலன்ஸ் நர்ஸ். புயலில் போன் வேலை செய்யாவிட்டால் சர்ச் கோயில் மணியை விடாமல் அடியுங்கள், மெயின் ரோட்டில் நிற்கும் வண்டி வந்துவிடும் என்று எங்கள் ஊரான ஆவூருக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

புயல் ஓய்ந்த காலையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. போன் வேலை செய்யவில்லை. கோயிலுக்கு ஓடிச் சொன்னேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பதற்றத்தில், கை பழகிய துக்க மணியை ஒவ்வொன்றாக அடித்தார்.

"ஐயா, அப்பா உசுரோடதான் இருக்காருங்க! விடாம அடிங்க!" என்று கயிற்றைப் பிடுங்கினேன். யாரோ இறந்துவிட்டதாக எண்ணி வண்டி வராமல் போனால்?

வண்டி வந்தது.

"மொத மணிக்கே கெளம்பிட்டோம்ண்ணே. பயத்துல தப்பாத்தான் அடிப்பாங்க, எப்படி அடிச்சாலும் கெளம்பணும்னு கடைசி வரியில எழுதியிருக்கேனே!" என்றாள் செசிலி.

அப்பாவின் ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு ஆவியாய்ப் படிவதையே ஆஸ்பத்திரி வரை பார்த்துக்கொண்டு போனேன்.