பூச்சிகளுக்கு விட்ட வீடு

ஆஞ்சப்பன் கிணறு வெட்டுகிறவன். மத்திகிரி, தளிப் பக்கத்துக் கல் பூமியில் வருஷக்கணக்காக உளி அடித்ததில் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. நாலு கூடை மண் சுமந்தாலே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவான். பிறகு யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவன் பெண்சாதி வெள்ளையம்மா ஊரார் கேழ்வரகுக் கொல்லைகளில் களை பறித்துக் கொண்டுவந்தது ஒருவேளைக் களிக்கே பற்றவில்லை.

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த துண்டுக் கொல்லையைக் காட்டி, பக்கத்து வீட்டு நாராயணம்மாதான் யோசனை சொன்னாள். "பட்டுப்பூச்சிச் செடி வெச்சிக்கடி. எங்க ஆனேக்கல் பக்கம் ஊட்டுக்கு ஊடு பூச்சி வளக்கிறாங்க. கூடு கட்டிச்சின்னா கையோட வித்துப்புடலாம்."

மல்பெரிச் செடி வளர்ந்ததும் வெள்ளையம்மா பூச்சி முட்டைகள் ஒட்டிய அட்டை வாங்கிவந்தாள். வீட்டில் இருந்த ஒரே அறை பூச்சி வளர்க்கும் மூங்கில் தட்டுகளால் நிறைந்தது. பூச்சிக்குப் புகை ஆகாது என்று அடுப்பு வெளியே போனது. ஆஞ்சப்பன் பீடியை விட்டான். பிறகு தானாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு வெளிச் சுவரோரச் சாய்ப்புக்குப் போய்விட்டான்.

"நான் இருமுற இருமலுக்கு அதுங்க மெரண்டு ஓடிடும் மே," என்று வெள்ளையம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

முதல் தடவை கூடுகள் வெள்ளை வெளேரென்று வந்தன. விற்ற காசில் கூரை மாற்றினார்கள். அவனுக்கு ஒரு கம்பளியும் வந்தது. அந்தத் தெம்பில் அடுத்த தடவை வெள்ளையம்மா இரண்டு பங்கு முட்டை வாங்கினாள். கொல்லைச் செடி அத்தனைக்கும் தாங்குமா என்று நாராயணம்மா கேட்டபோது, "தாங்கும்க்கா," என்றாள்.

தாங்கவில்லை. கூடு கட்டுவதற்கு முன் பூச்சிகள் அசுரத்தனமாய்த் தின்னும் நாட்களில் கொல்லை மொட்டையாகிவிட்டது. அதே சமயம் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. அவள் ஊர் ஊராக இலை கேட்டு அலைந்து, நனைந்த கட்டுகளைத் தலையில் சுமந்து வந்தாள். ஈர இலை பூச்சிக்கு விஷம் என்று அவளுக்குத் தெரியும். முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைத்து முடிவதற்குள் தட்டு முழுக்கப் பூச்சிகள் பசியில் தலையைத் தூக்கி ஆட்டின. கடைசியில் ஈரத்தோடே அள்ளிப் போட்டாள்.

சாய்ப்பில் சாரல் அடித்தது. கம்பளி நனைந்து கிடந்தது. ஆஞ்சப்பனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.

"உள்ள வந்து படுய்யா," என்றாள்.

"ரெண்டு நாள்ல கட்டிடும் மே. அதுங்கள கலைக்காத."

அவள் மறுபடி கூப்பிடவில்லை. உள்ளே அவனைப் படுக்கவைக்கத் தட்டுகளை எங்கே இறக்குவது என்றுதான் அப்போது அவள் மனசு ஓடியது.

மூன்றாம் நாள் பூச்சிகள் கறுத்துத் தொங்கின. தொட்டால் தண்ணீராய் உடைந்து நாறின. கொல்லையில் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டி மூடினாள். அறையைச் சாணம் போட்டு மெழுகி, அவனைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்து கிடத்தினாள். நாற்றம் போகவில்லை. அவனுக்கு அது தெரிந்ததோ என்னவோ.

"எத்தினி தட்டு கட்டிச்சி?" என்றான்.

"பாதி கட்டிச்சி."

"பாதியா? பரவால்ல. தையில மறுக்கா அட்டை வாங்கிடு."

தை பிறப்பதற்குள் அவன் போய்விட்டான்.

துளிர்த்த செடிகளைப் பார்த்துவிட்டு நாராயணம்மா ஒருநாள் வந்தாள். நல்ல மனசோடுதான் வந்தாள். "எல வந்திருச்சிடி. இப்ப ஊட்ல எடமும் தாராளமா கெடக்குது. இன்னொரு தரம் வெச்சிப் பாரேன்."

"எலய நீ வேணா அறுத்துக்கோக்கா," என்று வெள்ளையம்மா சொல்லிவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஊரார் கொல்லைக்கு நடந்தாள்.